அழகம்மாளின் வாக்குத்தத்தம்

அழகம்மாள் டம்ளருக்குள் விரல்களை விட்டு நனைத்துத் தன் இமைகளில் தடவிக்கொண்டாள். பாதித் தண்ணீர் கன்னத்தில் இறங்கித் தலையணைக்குப் போனது. கண்கள் மறுபடியும் செருகின. மறுபடியும் விரல்களை நனைத்தாள்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிப் படும்மா" என்றாள் நாகஜோதி.

அழகம்மாள் மகளைப் பார்க்கவில்லை. டம்ளரை மட்டும் தன் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நாகஜோதி மதுரையிலிருந்து எழுமலைக்கு முந்தைய நாள்தான் வந்திருந்தாள். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டதாக அண்ணன் முத்துக்குமரன் போனில் சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் துக்கம் இல்லாததை அவள் கவனித்தாள். வந்து பார்த்தபோது அம்மாவின் கால்கள் வீங்கித் தோல் பளபளவென்று இருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டால் தூக்கம்தான் முதலில் அமுக்கும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவோ தூங்கவே இல்லை. உட்கார்ந்திருந்தாள், சரிந்தாள், தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள். அரிப்புக்குக் கொடுத்த மாத்திரை தூக்கம் வரவைக்கும் என்று தெரிந்ததும் அதை விழுங்குவது போல் விழுங்கிவிட்டுக் கைக்குள் துப்பியிருந்தாள். மெத்தைக்கு அடியிலிருந்து அவற்றைப் பொறுக்கிக் காட்டியது மதினி முனீஸ்வரிதான்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து இப்படித்தான்" என்றாள் முனீஸ்வரி. "எதுக்கு இம்புட்டுப் பாடுபடுறாகன்னு தெரியல. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக."

நாகஜோதியிடம் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மகளோடு அவள் பேச்சை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன.

அதற்குக் காரணம் நாகஜோதியின் வேலை. இறையியல் படித்துவிட்டு மதுரையில் ஒரு சிறிய கிறிஸ்தவத் தொலைக்காட்சி அலுவலகத்தில் அவள் இருந்தாள். பல ஊர்களிலிருந்தும் போதகர்கள் தங்கள் பிரசங்கங்களைப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒளிபரப்பாகும் முன் அவற்றைக் கேட்டு, சொல்லப்பட்டது வேதத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஜெபத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பேசினால் அவளுக்கு அதிகம் வேலை இருப்பதில்லை. தீர்க்கதரிசனப் பிரசங்கங்கள்தான் அவளை நாள் முழுக்க உட்காரவைத்துவிடும். எங்கோ ஒரு நாட்டில் போர் தொடங்கினால் போதும், கடைசிக் காலம் வந்துவிட்டதென்று பதிவுகள் வந்து குவியும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மிஷின்தான் மிருகத்தின் முத்திரை என்பார் ஒருவர். இன்னொருவர் பழைய தீர்க்கதரிசி சொன்ன வாரங்களைக் கூட்டிக் கழித்து ஆண்டவர் வரும் வருஷத்தையே சொல்லிவிடுவார். அவள் பார்ப்பது எளிய விஷயங்கள்தான். வசனத்தை அது இருக்கும் இடத்தில் வைத்துப் பேசுகிறாரா, பிடுங்கி எடுத்துப் பேசுகிறாரா? எல்லாருக்கும் சொல்லப்பட்டதை ஒருவருக்கு மட்டும் என்று திருப்புகிறாரா? கேட்டவர்கள் எழுந்து போகும்போது நம்பிக்கையோடு போவார்களா, பயத்தோடா?

ஆடி மாதத்தில் அப்படி வந்த பதிவுகளில் ஒன்று எழுமலையிலிருந்து வந்தது. அம்மாவும் அண்ணனும் போகிற சபை. ஊர் ஓரத்தில் தகரக் கொட்டகை. போதகர் சூரியபிரகாஷ் முன்பு உசிலம்பட்டி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல குரல். அடையாளங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டன, இந்தச் சபையில் மரணத்தையே பார்க்காமல், ஆண்டவர் வரும்போது உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் மேடையிலிருந்து இறங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் தலையில் கையை வைத்தார். இந்த அம்மா மரணத்தைக் காண்பதில்லை என்றார். கொட்டகை அதிர்ந்தது. கேமரா அந்தக் கிழவியின் முகத்துக்குப் போனது.

காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த நாகஜோதி பதிவை அங்கேயே நிறுத்தினாள். அம்மாவின் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அப்பா இறந்த பிறகு தனியாளாகக் காட்டையும் மாட்டையும் கட்டிக் காத்த முகம் அது. யாரும் அந்த முகத்துக்கு இதுவரை எதையும் கொடுத்ததில்லை என்பது போல மலர்ந்திருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒளிபரப்ப வேண்டாம் என்று எழுதினாள். ஏன் என்பதையும் எழுதினாள். ஒரு தனி மனுஷிக்குச் சாவு இல்லையென்று சொல்ல வேதத்தில் இடமில்லை.

செய்தி சபைக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா போனில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"ஊருக்கெல்லாம் நல்லது சொல்லுவ. எனக்குக் கெடச்ச ஒரு வாக்குத்தத்தத்த வெட்டிப்புட்டியே."

அதற்குப் பிறகுதான் டாக்டர் டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார். அம்மா மாட்டேன் என்றாள். சாவு இல்லையென்று சொன்ன பிறகு ஊசியும் குழாயும் எதற்கு என்றாள். முதலில் அம்மாவோடு மல்லுக்கட்டிய முத்துக்குமரன், பிறகு மெல்ல அம்மா பக்கம் சாய்ந்தான். நாகஜோதி வந்து சண்டை போட்டபோது, உனக்கு நம்ம சபைன்னாலே எளக்காரம் என்று சொல்லி வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவளும் பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது அவன் வாசலில் நின்று சூரியபிரகாஷுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்தே போதகர் இந்தப் பக்கம் வரவில்லை. ஊழியத்துக்கு வெளியூர் போயிருப்பார் என்றான் முத்துக்குமரன், யாரும் கேட்காமலே. பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துவருவதாகச் சொல்லி உசிலம்பட்டிக்குக் கிளம்பினான். வண்டியை மிதிக்கும்போது, "பாஸ்டர் வந்தாருன்னா இருக்கச் சொல்லு, வந்துட்டேன்னு சொல்லு" என்றான்.

அறைக்குள் அம்மாவின் தலை மார்பில் தொங்கிப்போய்த் திடுக்கென்று நிமிர்ந்தது. கை டம்ளரைத் துழாவிக் கீழே தள்ளிவிட்டது. நாகஜோதி டம்ளரை எடுத்தாள், திரும்ப நிரப்பவில்லை. கையில் வைத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா தூங்க மாட்டேங்குற? என்கிட்டதான் கோவம். ஒடம்பு என்ன பண்ணுச்சு?"

அம்மாவின் உதடுகள் வெடித்திருந்தன. பேசமாட்டாள் என்றுதான் நாகஜோதி நினைத்தாள். களைப்பா, வேறு ஆள் இல்லாததா தெரியவில்லை, பேசினாள்.

"தூங்குனா செத்துருவேன்."

நாகஜோதி இன்னும் அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"செத்துட்டா ஆண்டவரு வர்றப்ப நான் மண்ணுக்குள்ள கெடப்பேன். உசுரோட இருக்கவுக பூராம் மேல போயிருவாக. என்னைய விட்டுட்டுப் போயிருவாக." மூச்சு வாங்கினாள். "எனக்குன்னு சொன்னதே நடக்கலன்னா, எனக்கு விசுவாசம் பத்தலன்னுதான அர்த்தம். அப்பறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அங்க போறது?"

இத்தனை நாளாக அம்மா வலியோடு போராடுகிறாள் என்று நாகஜோதி நினைத்திருந்தாள். இவள் ஆண்டவர் வரும்வரை சாகாமலிருக்கப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தப் பயம் புதிதல்ல என்பது நாகஜோதிக்குத் தெரியும். ஆண்டவர் வரும்முன் வீட்டில் ஆட்கள் செத்துப்போனதைப் பார்த்து ஆதிச்சபையில் ஒரு ஊரே இப்படிப் பயந்தது. அந்தப் பயத்துக்குத்தான் அப்போஸ்தலர் பவுல் கடிதத்தில் பதில் எழுதினார். வகுப்பில் அதைப் படித்திருக்கிறாள், தேர்வில் எழுதியிருக்கிறாள். வேண்டாம் என்று எழுதிய அன்றைக்கு இதை அம்மாவிடம் வந்து சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

இப்போது சொன்னாள். செத்தவர்கள் பின்தங்கிப் போவதில்லை, அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் அவர்களுக்குப் பிறகுதான் என்று தன்னால் முடிந்த எளிய சொற்களில் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முடிந்ததும் கையை நீட்டி மகளிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நீ சொல்லுவ. நீதான வெட்டிவிட்டவ" என்றாள். "அந்தப் பாஸ்டர் தம்பி சொல்லட்டும்."

காலி டம்ளருக்குள் விரல்கள் தண்ணீரைத் தேடின. நாகஜோதி நிரப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அண்ணனின் எண் என்றால்தான் போதகர் எடுக்க மாட்டார் என்று தோன்றியது. தன் போனிலிருந்து கூப்பிட்டாள். அலுவலகத்தில் பதிவு பற்றிப் பேச அவர் எண்ணைக் குறித்து வைத்திருந்தாள். எடுத்தார். இவள் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் வண்டிகள் போகிற ஓசைக்கு நடுவே, உசிலம்பட்டி உசிலம்பட்டி என்று கண்டக்டர் கூவுவது கேட்டது. வெளியூரில் இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான் எங்கோ இருந்தார்.

"சண்டைக்குக் கூப்பிடல தம்பி. அம்மா உங்களத்தான் கேக்குறாக. இன்னைக்குப் பொழுது தாங்குமான்னு தெரியல. அண்ணே உசிலம்பட்டிக்குப் போயிருக்காரு" என்றாள்.

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாகஜோதி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். அண்ணன் முதலில் வந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. அண்ணனை வைத்துக்கொண்டு அந்த மனிதரால் எதையும் மாற்றிப் பேச முடியாது. அவர் வருவதற்குள் அம்மாவின் கண் மூடிவிட்டால், அந்தப் பயத்தோடேயே போய்விடுவாள். எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியவில்லை. முனீஸ்வரி காப்பி கொடுத்தாள். வாங்கி சன்னல் விளிம்பில் வைத்தவள் அதை மறந்துபோனாள்.

சூரியபிரகாஷ் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஜிப் வைத்த வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். பதிவில் பார்த்ததைவிடச் சின்ன ஆளாகத் தெரிந்தார். வீட்டுக்குள் வராமல், அக்கா ஒரு நிமிஷம் என்று அவளைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே கூட்டிப் போனார்.

"அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள அப்படித்தான் தோணுச்சுக்கா. பொய் சொல்லல."

"தெரியும்."

"இப்ப உள்ள போயி நான் என்ன சொல்லட்டும்?"

பிரசங்கத்தைத் திருப்பி அனுப்பியவளிடமே அதைக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தலை நிமிரவில்லை. அம்மாவின் பயம் என்னவென்று நாகஜோதி சொன்னாள். எந்தப் பகுதி என்பதையும் சொன்னாள். அவர் ஜிப்பைத் திறந்து அங்கேயே நின்று தேடி எடுத்து வாசித்தார். தெரியாத இடமல்ல. எத்தனையோ தடவை வாசித்திருப்பார், ஆண்டவர் வரும் எக்காளச் சத்தத்துக்காகவும் மேகத்துக்காகவும். அதற்கு முந்தைய வரிகளில் அவர் விரல் நகராமல் நின்றது.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஆயிருச்சுன்னா சபை நிக்காதுக்கா."

"சபையப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. எங்கம்மா தூங்கணும்."

அவர் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவரைப் பார்த்ததும் அழகம்மாள் எழுந்து உட்கார முயன்றாள். முனீஸ்வரி முதுகில் கைகொடுத்தாள். வந்துட்டீகளா தம்பி என்று அவள் கையை நீட்ட, அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இவ என்னமோ சொல்றா. செத்தவுகதான் மொதல்ல போவாகன்னு சொல்றா. அது வேதத்துல இருக்கா?"

நாகஜோதி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அம்மாவின் கண்கள் ஒருமுறை செருகித் திறந்தன. ஆண்டவர் இன்றைக்கே வந்துவிடுவார் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்குச் சபை குலையாமல் நிற்கும். அப்படித்தான் சொல்வார் என்று நாகஜோதிக்குப் பட்டது.

"இருக்கும்மா" என்றார் சூரியபிரகாஷ்.

"எங்க, வாசிங்க."

வாசித்தார். மேடையில் முழங்கும் குரல் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் போல ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். அம்மா நடுவில் நிறுத்தச் சொன்னாள்.

"தூங்குறவுகன்னா போட்ருக்கு? செத்தவுகன்னு போடலையா?"

"நித்திரையடைந்தவங்கன்னுதாம்மா போட்ருக்கு. தூங்குறவங்கன்னுதான் அர்த்தம்."

"தூங்குறவுகள முந்திக்கிட்டு மத்தவுக போயிர மாட்டாகளே?"

"முந்த முடியாதும்மா. அவரே வந்து எழுப்புவாரு. அப்பறம்தான் மத்தவங்க."

அம்மாவின் புருவம் சுருங்கியது. மாட்டு விலையை மனதுக்குள் போட்டுப் பார்க்கும்போது அவள் புருவம் அப்படித்தான் சுருங்கும். பிறகு அவர் கையை விட்டாள்.

"அப்ப அன்னைக்கு எனக்குச் சொன்னது?"

சூரியபிரகாஷ் கண்ணைத் தாழ்த்தி வேதாகமத்தை மூடினார். அழகம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, பிள்ளைகள் பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டு நிற்கும்போது சொல்வது போல, "சரி, விடுங்க" என்றாள்.

முனீஸ்வரியிடம் முதுகுக்கு அண்டக் கொடுத்திருந்த தலையணையை எடுக்கச் சொன்னாள். மகளைப் பார்த்து, வெளிச்சம் கண்ணைக் கூசுது, சன்னலைச் சாத்து என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் தானாக மகளிடம் சொன்ன வார்த்தை அது. நாகஜோதி சன்னலைச் சாத்திவிட்டு வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. சூரியபிரகாஷ் சத்தமில்லாமல் ஜெபித்துவிட்டு எழுந்து போனார்.

முத்துக்குமரன் சிலிண்டரோடு வந்து சேர்ந்தபோது அவள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தவன் செருப்பைக் கழற்ற மறந்துபோனான்.

"பாஸ்டர் வந்தாரா?"

"வந்தாரு."

"ஜெபம் பண்ணாரா?"

"பண்ணாருண்ணே."

அவன் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா ஜோதி? எத்தன நாளாச்சு இப்படித் தூங்கி. இனி தேறிருவாக."

முனீஸ்வரி நாகஜோதியைப் பார்த்தாள். நாகஜோதி சிலிண்டரின் குழாயைப் பிரிக்கத் தொடங்கினாள். அம்மா சாகத் தயாராகித்தான் தூங்குகிறாள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் வீங்கிய பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் நாகஜோதி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். வெயில் சாய்கிற வேளையில் ஓர் இடைவெளி முடியவே இல்லை. முகத்தில் எந்தச் சுளிப்பும் இல்லை. பாதங்களைப் பிடித்திருந்தவனுக்கு அது தெரிய நேரமானது.

அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. தாடையைக் கட்ட முனீஸ்வரி வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தாள். முத்துக்குமரன் அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். சித்தி ஒச்சாயி, அம்மாவின் உடன்பிறந்தவள், தெருவிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அவள் சாமி கும்பிடுகிறவள், அவளுக்கு இந்தச் சபை விவகாரமெல்லாம் தெரியாது. அழுகாதீங்க சித்தி, இன்னும் முடியல என்று அவன் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். குளிர்பெட்டியை ஏற்றி வந்த வண்டி வாசலில் நின்றது. பெட்டியை இறக்க வேண்டாம் என்றான். அவன் சத்தம் போடவில்லை, அழவில்லை. மரணத்தைக் காண்பதில்லை என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார், பாஸ்டர் வந்து கையை வைத்தால் எழுந்துவிடுவாள் என்று நிதானமாக ஒவ்வொருவரிடமும் விளக்கினான். சபை ஆட்கள் சிலர் தலையாட்டினார்கள். ஒரு பெண் பாடத் தொடங்கினாள். ஒச்சாயி நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னடி நடக்குது இங்க, எங்கக்காவக் கெடத்திவச்சுக்கிட்டு என்று கேட்டாள். அம்மாவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வந்தது.

இருட்டத் தொடங்கும்போது சூரியபிரகாஷ் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. பாட்டு நின்றது. முத்துக்குமரன் எழுந்து, கட்டிலுக்கு அருகில் இடம் ஒதுக்கி நின்றான். போதகர் அழகம்மாளின் தலைமாட்டில் நின்று பார்த்தார். எல்லாரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள். அந்தக் கை முத்துக்குமரனின் இடுப்பிலிருந்த துணியை உருவியது. குனிந்து, தாடையை மெல்ல மேலே தள்ளி, துணியைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். முடிச்சு நழுவியது. மறுபடி போட்டார்.

முத்துக்குமரன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்தான். அப்போதுதான் ஒச்சாயி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் முற்பகலில் ஓடைக்கரையை ஒட்டிய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். சபையில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலிமரத்து நிழலில் நின்றார்கள். போதகர் இதற்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கத்தான் பலரும் வந்திருந்தார்கள் என்று நாகஜோதிக்குப் பட்டது. அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சாவுக்கு வீட்டில் இருந்த அவிசுவாசம்தான் காரணம் என்று அவர் தன்னைச் சுட்டிவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நேரம் தோன்றியது.

சூரியபிரகாஷ் மைக் இல்லாமல் பேசினார். எல்லாரையும் போலப் பூமியதிர்ச்சியிலும் போரிலும் தொடங்குவார் என்று நினைத்தாள். இல்லை. நேற்று வாசித்த பகுதியை எடுத்தார். ஆதிச்சபையின் அந்த ஊர்க்காரர்கள் யார், எதற்குப் பயந்தார்கள், எதற்காக அது எழுதப்பட்டது என்று சொன்னார். நாகஜோதியின் மனம் பழக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தது. வசனம் அதன் இடத்தில் இருக்கிறது. நாள் குறிக்கவில்லை. பயமுறுத்தவில்லை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர் சவப்பெட்டியைப் பார்த்துத் திரும்பினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முத்துக்குமரன் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையைப் பரத்தி வைத்து நின்றிருந்தான். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகாமல் வீட்டில் வைத்திருந்தவன். மரணத்தைக் காண்பதில்லை என்பது பொய்யென்றால் அவனுக்கு என்ன மிஞ்சும் என்பதை நாகஜோதி அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணால் போதகரைத் தேடினாள். வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"இந்த அம்மா மரணத்தக் காண்றதில்லன்னு நான் சபையில சொன்னேன்" என்றார். "நீங்களும் ஆமென்னு சொன்னீங்க. அது கர்த்தர் சொன்னது இல்ல. நான் சொன்னது. என் வார்த்தையக் கேட்டு யாராச்சும் வைத்தியத்த நிறுத்தியிருந்தீங்கன்னா, இன்னைக்கே போய்ப் பாத்துக்கங்க."

வேலிமரத்துப் பக்கமிருந்து சிலர் கிளம்பிப் போனார்கள். ஒரு பெரியவர் போகிற வழியில் காறித் துப்பினார். சூரியபிரகாஷ் அவர்கள் போகும்வரை நின்றுவிட்டு ஜெபத்தோடு முடித்தார். அலுவலகத்துக்கு வந்திருந்தால் நாகஜோதி அந்தப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தையையும் தொட்டிருக்க மாட்டாள். அவள் அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூடியிலிருந்து எழவில்லை. பெட்டியை இறக்க வந்தவர்கள் அதை எடுத்து ஓரமாக விட வேண்டியிருந்தது.

எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். ஒச்சாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். குழி வெட்டியவர் மம்பட்டியோடு முன்னால் வந்தபோது முத்துக்குமரன் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மண்ணை இழுத்துத் தள்ளத் தொடங்கினான். சரளைக்கல் கலந்த செம்மண் முதலில் பெட்டியின்மேல் சத்தத்தோடு விழுந்தது, பிறகு சத்தமில்லாமல் விழுந்தது. நான் போடுறேன் மாப்ள, கொடு என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். அவன் கேட்காதவன் போல வேலை செய்தான். சூரியபிரகாஷ் ஓர் அடி முன்னால் வந்து, என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார்.

குழி நிரம்பி மேடானது. குவித்து வைத்திருந்த மண் தீர்ந்துபோனது. அவன் நிறுத்தவில்லை. சுற்றிச் சிந்திக் கிடந்ததைச் சுரண்டிச் சுரண்டி மேட்டில் போட்டான். போதும்ப்பா என்றார் குழி வெட்டியவர். ஒருவரும் அவன் பக்கத்தில் போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாதைக்குத் திரும்பினார்கள்.

நாகஜோதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் அருகில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். தள்ளிக் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் கூட்டி, அவன் மம்பட்டிக்கு எட்டுகிற தூரத்தில் சேர்த்து வைத்தாள். அவன் அதை எடுத்துப் போட்டான். அவள் நகர்ந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.